சுற்றுவழி

சாப்பாட்டு மேசை முழுக்க மலையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சுருண்டுகொள்ளப் பார்க்கும் ஓரங்களை உப்பு டப்பாவும் கணவரின் மாத்திரை டப்பாவும் அழுத்திப் பிடித்திருக்கின்றன. மழையில் சாலை சரிந்துவிட்டதால், மேலே இருக்கும் மகள் வீட்டுக்கு இனி நடந்துதான் போக வேண்டும். அங்கே பேத்தி பிறந்திருக்கிறாள். ஜன்னல் வெயில், மலையின் உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுகளின் மேல் விழுகிறது. இதய அறுவை சிகிச்சை முடிந்து தேறிவரும் கணவர், அடிவாரத்திலிருந்து அந்த வீடுவரை விரலால் நேராக இழுக்கிறார். “ரெண்டு விரக்கடைதான். இதுக்கா இவ்வளவு யோசிக்கிற?” நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவி, பென்சில் முனையால் அந்த இடத்துக் கோடுகளை எண்ணுகிறாள். “அதுக்குள்ள பதினாலு கோடு நெருக்கியடிச்சிட்டு நிக்குது பாருங்க. ஒவ்வொரு கோட்டையும் தாண்ட ஆறு மாடி ஏறணும்.” பிறகு, கோடுகள் தள்ளித் தள்ளி விழும் பக்கமாக, மலையைச் சுற்றி மெல்லக் கீறிக்கொண்டு போகிறாள். வழி நீண்டுகொண்டே இருக்கிறது.

“பேத்தி நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள போய்ச் சேந்துருவேனா?” என்கிறார் அவர்.

பென்சில் நிற்கிறது. “போய்ச் சேர்ற பேச்செல்லாம் வேணாம்,” என்கிறாள், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். குழாய் சொட்டுவது கேட்கிறது. அவர் நேர்வழியிலிருந்து விரலை எடுத்து, அவள் நிறுத்திய இடத்தில் கொண்டுவந்து வைக்கிறார்.

“சரி, மேல கீறு.”