கங்கப்பன் கேட்ட படம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1968 மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, இந்தியக் கலையுலகம் ஒரு புதிய யுகத்தில் காலடி வைத்தது. வைத்த இடம் பேரிகைக்கு அப்பால் ஒரு காடு. வைத்த கால், ஓசூர் சகாயம் ஸ்டுடியோ முதலாளி சகாயநாதனுடையது.

கல்யாணப் படமும் சடங்குப் படமும் பிடித்து அலுத்துப்போனவர், பெங்களூர் போட்டி ஒன்றுக்காக உதிர்ந்த இலைகளைக் கலரில் பிடிக்க வந்திருந்தார். கையில் ஒரே ரோல், பன்னிரண்டு படம். மறுநாள் காட்டை அழித்துத் தைலமரம் நடப்போகிறார்கள் என்பதால் அவசரம்.

வழிகாட்ட வந்த கங்கப்பன் கூலி வேண்டாமென்றுவிட்டார். "கடைசில நான் காட்டுற எடத்துல ஒரு போட்டோ புடிங்க சாமி, போதும்."

"அதுக்கென்ன, புடிச்சாப் போச்சு."

சகாயநாதன் வயிறு மண்ணில் பட விழுந்து கிடந்தார். செம்பு நிறத்தில் ஒரு நாவல் இலை. அதற்கு 'மௌனத்தின் நிறம்' என்று பெயர். அரித்துப்போய் நரம்பு மட்டும் வலையாக மிஞ்சிய ஓர் இலை. அது 'மண்ணின் பெருமூச்சு'.

கங்கப்பன் எட்டிப் பார்த்தார். "இதக் கூட்டி அடுப்புல போடுவோஞ் சாமி."

பத்துப் படம் ஆயிற்று. "எனக்கு ஒண்ணு மிச்சம் வெய்ங்க சாமி."

"இருக்குய்யா, நச்சரிக்காதே!"

அந்த நேரம் பார்த்து ஓர் எறும்பு மஞ்சள் சருகொன்றின் மேல் ஏறியது. கலை பொறுக்குமா? ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று பிடித்தார்.

பிறகு கங்கப்பன் அவரை ஒரு புரசமரத்தடிக்குக் கூட்டிப்போனார். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்படி நில்லு. கொஞ்சம் சிரி."

"நான் வேணாஞ் சாமி. கீழ, அந்தச் சருகப் புடிங்க."

சகாயநாதனுக்குப் புல்லரித்தது. தன் கலை இந்த மனிதரையும் தொட்டுவிட்டதே! கேட்டவர் முகத்தை வாடவிடக்கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். கேமராவுக்குள் குனிந்து, வெகுநேரம் கோணம் பார்த்து, 'க்ளிக்' செய்தார்.

"வுழுந்துருச்சுங்களா சாமி?"

"ஜம்முனு விழுந்திருக்கு."

கங்கப்பன் அந்தச் சருகு மூடிக் கிடந்த சின்ன மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு சென்னம்மா இங்கதாஞ் சாமி கெடக்கறா. போன வருசம் அம்மை போட்டுச் செத்துட்டா. ஊருக்குள்ள பொதைக்க வுடல. ஏழு வயசு வரைக்கும் ஒரு போட்டோ எடுத்ததில்ல. நாளைக்கி இதையும் வேரோட பொரட்டிருவாங்க. அவ அம்மாவுக்குக் காட்ட இது ஒண்ணுதான். எப்பங்க வரும்?"

சகாயநாதன் குனிந்து கேமராவைப் பார்த்தார்.

ஃபிலிம் எறும்போடு தீர்ந்துபோயிருந்தது.