எந்தப் பக்கம் பூச்சு?

"முப்பத்தொரு தடவை தேறலைன்னு எழுதியிருக்கா. சொந்த ஓரகத்திக்கே இப்படி ஒருத்தி குழி பறிப்பாளா?"

கண்ணாடித் தொழிற்சாலை முழுக்க இதே பேச்சுதான்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். இளையவள் கண்ணாடித் துண்டைச் சுழலும் தட்டில் வைத்து, துத்தநாகக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உலையில் சுடுவாள். பூச்சு கண்ணுக்கே தெரியக் கூடாது, ஆனால் அதில் கரண்ட் ஓட வேண்டும். ஓடுகிறதா என்று அளப்பவள் மூத்தவள். தூசு புகாத அறையில் தனியாக உட்கார்ந்து அளந்து, சீட்டு எழுதி அனுப்புவாள்.

மூன்று மாதமாக எல்லாச் சீட்டிலும் ஒரே வார்த்தை. தேறவில்லை.

"என் மேஜை மீட்டர்ல நல்லா காட்டுது சார்" என்று மேனேஜரிடம் அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள் இளையவள்.

"அது ஓட்டை மீட்டரும்மா. உங்க அக்கா பதினாலு வருஷமா அளக்கறாங்க. அவங்க கை தப்பு பண்ணாது."

இத்தனைக்கும் வீட்டில் ஒரே அடுப்பு. இளையவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பதே மூத்தவள்தான்.

"சோத்தையும் போட்டு வேட்டும் வைக்கிறா பாரு!" என்று சிரித்தார்கள் பேக்கிங் பெண்கள். நாக்கில் நரம்பில்லாத ஜென்மங்கள்.

அன்று வாங்கும் கம்பெனிக்காரர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

"இதுதான் கடைசி. இன்னிக்கும் தேறலைன்னா கரைசல் வேலையை மூடிடுவோம். நீ பேக்கிங்குக்குப் போயிடு" என்றார் மேனேஜர்.

வந்தவர்கள் பார்க்கட்டும் என்று அளக்கும் கருவியை ஹாலுக்கே கொண்டுவந்தார்கள். இளையவள் கண்ணாடியை நீட்டினாள். மூத்தவள் வாங்கி, பதமாகத் துடைத்து, கருவியின் ஊசிகளுக்கு அடியில் வைத்தாள்.

கரண்ட் ஓடவில்லை.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். இளையவள் மட்டும் மூத்தவளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் அளப்பதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, அக்கா! நான்தான் தலைகீழா கொடுத்துட்டேன். பூச்சு அந்தப் பக்கம். கொஞ்சம் திருப்பி வைங்களேன்."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தப் பக்கம் பூச்சுன்னுகூடத் தெரியாமலா மூணு மாசம் குப்பை கொட்டினே? வந்தவங்க முன்னாடி மானமே போச்சு!"

"தப்புதான் சார்."

மூத்தவள் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள்.

கரண்டுக்கு எவ்வளவு தடை என்று காட்டும் எண் சரசரவென்று இறங்கி, நாற்பத்தொன்றில் நின்றது.

"நாற்பத்தொண்ணா? நூறுக்குக் கீழே வந்தாலே போதும்னுதான் நாங்க வந்தோம்!" வந்தவர்களில் ஒருவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இவ்வளவு மலிவான கரைசல்லயா? பிரமாதம்மா! ஆர்டர் உங்களுக்குத்தான்!"

ஹாலே கை தட்டியது. இளையவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மேனேஜர் மூத்தவளைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க. இல்லைன்னா இவ பண்ணின கூத்துக்கு..."

"நிறுத்துங்க சார்." மூத்தவள் குறுக்கிட்டாள். "வெளியில வாங்குற கண்ணாடி பூச்சுப் பக்கம் கீழே இருக்கற மாதிரிதான் வரும். துடைச்சுத் திருப்பிப் போட்டே பதினாலு வருஷமா எனக்குப் பழக்கம். இவ சரியாத்தான் கொடுத்தா. திருப்பினது நான்."

"அக்கா, விடுங்களேன். அதான் ஜெயிச்சாச்சே" என்று கிசுகிசுத்தாள் இளையவள்.

"எதுக்குடி விடணும்? பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறியே!" அவளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஹாலுக்கே கேட்கும்படி சொன்னாள் மூத்தவள்.

"நல்லா கேட்டுக்குங்க! தேறலைன்னு நான் எழுதின முப்பத்தொண்ணும் தேறினதுதான். தேறாதது என் கைதான்!"