முழங்கால் மலைகள்

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அருளப்பன், அவர் மனைவி செலின், அவர் அக்கா மெட்டில்டா, போர்வைக்கு அடியில் இரண்டு எரிமலைகள்.

எரிமலைகள் என்பவை அருளப்பனின் முழங்கால்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து தினமும் செலின்தான் அவற்றை மடக்கி நிறுத்துவாள். போர்வையின் சுருக்கங்கள் கடல், மாத்திரைப் புட்டியின் மூடி கப்பல். தெற்குத் தீவுக்குப் போக வேண்டுமென்றால் அவரை இடப்பக்கம் புரட்ட வேண்டும், திரும்பி வர வலப்பக்கம். கல்யாணமான புதிதில் இருவரும் போக ஆசைப்பட்ட தீவுகள் அவை. இப்படிப் புரட்டிப் புரட்டிப் பயணம் போனதில், வருடக்கணக்கான படுக்கையிலும் அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை.

இன்று நிஜப் பயணம். அருளப்பன் செலினுக்கு மட்டும் டிக்கெட் போட்டிருந்தார். அவள் கட்டிலை விட்டு நகரவில்லை.

“நான் போகல. உங்கள யாரு பொரட்டுவா?”

“அக்கா இருக்கால்லா.”

“மதினிக்கு வழி தெரியாது.”

“கிறுக்குப் பிடிச்ச குடும்பம்” என்று முனகிய மெட்டில்டா, தம்பியின் முழங்காலைப் பிடித்து மடக்கினாள். “ஏலே, இந்த மல பொகையுமா, அணைஞ்சு போனதா?”

“பொகையும். மெதுவா ஏறுக்கா.” பிறகு மனைவியிடம் சொன்னார். “எனக்கு எல்லாத் தீவையும் காட்டிட்ட. நீ ஒண்ணையாவது பாத்துட்டு வா.”

செலின் அவர் பாதத்தை அழுத்தினாள். அவருக்கு அது தெரியாது.

மெட்டில்டா அவளைப் பெட்டியோடு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “ஏட்டி, பாதியில திரும்பி வந்தியோ, தெறக்க மாட்டேன்.”

செலினின் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.