கறுப்புப் பையில் என்ன?

பாத்ரூம் ஓட்டையில் தண்ணீர் கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

கணவன் சாக்கைச் சுருட்டி நிலைப்படியில் அணை கட்டினான். பிள்ளைகள் இரண்டும் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு மூக்கைப் பொத்தியிருந்தன. மாமனார் ஹாலில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு அந்தத் தண்ணீரைவிட, மாடிப்படியில் கேட்ட செருப்புச் சத்தம்தான் பயமாக இருந்தது.

மாடியில் குடியிருக்கும் வீட்டு ஓனர் இறங்கி வந்தார். போன தடவையே கறாராகச் சொல்லியிருந்தார். நீங்கள் குடிவரும் முன் இந்த வீட்டில் அடைப்பே வந்ததில்லை, இனி தப்பு உங்கள் பக்கம் என்று தெரிந்தால் மாதக் கடைசியில் காலி செய்துவிட வேண்டும் என்று. பெரியவளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. இந்த வீடு கிடைக்கவே எட்டு மாதம் அலைந்திருந்தார்கள். வயசானவரும் பிள்ளைகளும் உண்டு என்றதும் கதவைச் சாத்தியவர்கள்தான் அதிகம்.

அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. மாடியில் பொரித்த எண்ணெயை சிங்க்கில் கொட்டினால் அடைக்காமல் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டாள். வார்த்தை தடித்தது. கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனார்கள். அடைப்பு எடுக்கிறவர் வரட்டும். குழாயிலிருந்து என்ன வருகிறதோ அதை வைத்து யார் தப்பென்று முடிவு செய்யலாம்.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, முகத்தில் மாஸ்க். சண்டை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழ்வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். இரண்டு வீட்டுக் குழாய்களையும் மூடச் சொன்னார். பிறகு பக்கவாட்டுச் சந்தில் இரண்டு வீட்டுக் கழிவும் வந்து சேரும் சேம்பரின் மூடியை நெம்பித் திறந்தார்.

"வாயு அடிக்கும். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

ஓனர் நகரவில்லை. அவளும் நகரவில்லை.

சுருள் கம்பி குழாய்க்குள் சுற்றிக்கொண்டே போய் ஓரிடத்தில் முட்டி நின்றது. அவர் மெதுவாக இழுத்தார். நுனியில் கறுப்பாகக் கனத்துப்போன உருண்டை ஒன்று சொட்டச் சொட்ட வந்தது. அதை ஒரு பார்வை பார்த்ததுமே முதுகைத் திருப்பிக்கொண்டார். உடம்பால் மறைத்தபடி கறுப்புப் பைக்குள் போட்டு வாயைத் திருகினார். இப்படி நாலைந்து தடவை. சேம்பரில் தேங்கியிருந்தது கடகடவென்று இறங்கியது.

என்னது அது என்று ஓனர் எட்டிப் பார்த்தார்.

அடைப்பு எடுத்தவரின் பார்வை ஓனரைத் தாண்டிப் போனது. அவளும் திரும்பினாள். மாமனார் எப்போது எழுந்து வந்தாரோ, சந்தின் முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிற்கவே முடியாதவருக்கு இந்த நாற்றத்தில் என்ன வேலை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"மரத்து வேர்," என்றார் அடைப்பு எடுத்தவர். "ஜாயின்ட்ல விரிசல் விட்டு உள்ள புகுந்திருக்கு. யார் மேலயும் தப்பில்ல."

பையைத் திறந்து காட்டச் சொன்னார் ஓனர். நோய்க் கிருமி, திறக்கவே கூடாது என்று அவர் முடிச்சுப் போட்டு அதை வண்டியில் வைத்துவிட்டார். ஓனர் முணுமுணுத்துக்கொண்டே மாடிக்குப் போனார். கணவனுக்குப் போன உயிர் திரும்பியது.

அவளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பாத்ரூமைக் கழுவும்போது, டார்ச் பிடிக்க வேண்டும் என்று அடைப்பு எடுத்தவர் மாமனாரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். நான் பிடிக்கிறேன் என்று அவள் முன்னால் போனதற்கு, வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார். பத்து நிமிஷம் பேச்சுக்குரல் கேட்டது. மாமனார் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி என்றார்.

தரையையும், சுவரில் ஒரு முழ உயரம்வரையும் கழுவித் துடைத்து, நனைந்த மிதியடிகளைத் தூக்கிப்போடச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அவள் வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"அண்ணா, இந்தத் தெருவுலயே மரம் கிடையாது. எதை மறைக்கிறீங்க? மறுபடி அடைச்சா நாங்கதான் தெருவுல நிக்கணும்."

"இனிமே அடைக்காதும்மா."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

அவர் வண்டியை எடுக்கப் போனார். அவள் வண்டியிலிருந்த பையை இழுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

துணி. பட்டையாகக் கிழித்து, நாலாக மடித்த துணிகள். அழுக்கையும் மீறி நீலப் பூக்கள் தெரிந்தன. மாமனாரின் கட்டிலுக்கு அவளே வாங்கிப் போட்ட பெட்ஷீட்.

"சிறுநீர் அவரை அறியாம போயிடுதாம். யார்கிட்டயும் சொல்லக் கூச்சப்பட்டு இதைக் கிழிச்சு வச்சுக்கிட்டு, அப்புறம் ஃபிளஷ்ல போட்டிருக்கார்," என்றார் அவர் தணிந்த குரலில். "டாக்டர்கிட்ட காட்டினா சரியாகும்னு சொல்லியிருக்கேன். இனிமே போட மாட்டார். மருமகளுக்குத் தெரிஞ்சா நான் எப்படிப்பா அவ முகத்துல முழிப்பேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

அவள் பையை மூடி, முன்பு இருந்ததைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டாள்.

உள்ளே வந்தபோது ஓனர் மறுபடி இறங்கி வந்து ஹாலில் நின்றிருந்தார். அவ்வளவு தூரம் துரத்திக்கொண்டு போய் என்ன கேட்டாள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. கணவனும் அவள் முகத்தையே பார்த்தான். நாற்காலியில் இருந்த மாமனார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேர்தான் சார்," என்றாள். "நானே பையைப் பிரிச்சுப் பார்த்துட்டேன்."