ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

“அடுத்து நீ என்ன சொல்லப் போறன்னு சொல்லட்டுமா?” என்றார் பேராசிரியர், செருப்பை மாட்டிக்கொண்டே. “குடை எடுத்துக்கிட்டீங்களான்னு கேப்ப.”

ஏதோ சொல்ல வாயெடுத்த மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள்.

“குடை எடுத்துக்கிட்டீங்களா?” என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அன்று வகுப்பு முடியும்வரை மாணவர்கள் புன்னகை மாறாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டார்.

மனம் என்பது ஒரு கணக்கு. இது அவர் கட்சி. உள்ளே போவது தெரிந்தால் வெளியே வருவதைச் சொல்லிவிடலாம். அதை நிரூபிக்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். மேசைமேல் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு நீலப் பொத்தான். வந்து உட்காருபவர் மனம்போல் ஐம்பது முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் கை நகர்வதற்கு முன்பே எந்த நிறம் என்று கணினி சொல்லிவிடும். திரை பேராசிரியர் பக்கம் திரும்பியிருக்கும். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

நாற்பது பேரை உட்கார வைத்துப் பார்த்தாகிவிட்டது. யாரிடமும் முப்பதைத் தாண்டவில்லை. காசைச் சுண்டினாலே இருபத்தைந்து வரும்.

மதிப்பீட்டுக் குழுவிலிருந்து ஓர் அம்மையார் வருகிறார் என்று கடிதம் வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினால் ஆராய்ச்சி அத்தோடு சரி. அறை பக்கத்துத் துறைக்குப் போகும். உதவியாளர்கள் இருவரும் வீட்டுக்குப் போவார்கள். அதில் ஒருத்திக்கு ஏழாம் மாதம்.

வேறு வழியில்லாமல்தான் மனைவியைக் கூப்பிட்டார். அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்த்தாள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் பேச முடியாது. வலிக்கிறதா, நிறுத்தலாமா என்று அவர்களுக்காக டாக்டரிடம் சொல்வது அவள்தான். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் மூன்றும் தப்பாயின. பேராசிரியரின் முகம் தொங்கிப்போனது. நான்காவதிலிருந்து ஒன்றுகூடத் தப்பவில்லை.

“உன் மனசுல சிக்கலே இல்ல,” என்றார், வீடு திரும்பும்போது பேருந்தில். “ஏழு வரியில எழுதிடலாம்.”

“அவ்வளவு வேணுமா?” என்றாள் அவள்.

அதன்பின் வீட்டிலும் அவருக்கு எந்நேரமும் இதே பொழுதுபோக்கு. இப்போது கொட்டாவி விடுவாய் என்பார். விடுவாள். இந்தப் பாட்டை மாற்றுவாய் என்பார். மாற்றுவாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அம்மையார் வந்தார். நரைத்த தலை, தட்டையான செருப்பு. நாற்பது பேரின் தாள்களையும் வரிசையாகப் படித்தார். பிறகு நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, கணவன் மனைவி இருவரும் தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். உதவியாளர்கள் வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள்.

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

“இவங்ககிட்ட மட்டும் எப்படி?” என்று கேட்டார் அம்மையார்.

“சில மனசு சுலபமான கணக்கு மேடம்,” என்றார் பேராசிரியர்.

அம்மையார் தலையாட்டினார். மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டதாகவும், சிரமம் பார்க்காமல் எடுத்துவர முடியுமா என்றும் கேட்டார். கார் எங்கோ கோடியில் நின்றது. அதைக் கண்டுபிடித்து, டிரைவரை எழுப்பி, இருக்கைக்கு அடியில்கூடத் தேடிவிட்டுப் பேராசிரியர் வெறுங்கையோடு திரும்ப இருபது நிமிடமாயிற்று. கண்ணாடி கைப்பையிலேயே இருந்ததாம். அம்மையார் விடைபெற்றுக் கிளம்பினார். மனைவி சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் பேராசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கர்ப்பிணி உதவியாளர் தினமும் இரண்டு முறை, தபால் வந்ததா என்று கேட்டாள்.

பதினோராம் நாள் வந்தது. பேராசிரியர் கூடத்தில் நின்றபடியே உறையைக் கிழித்தார். இரண்டு ஆண்டு நீட்டிப்பு. உதவியாளர்களும் தொடரலாம். உடனே இருவருக்கும் போன் போட்டுச் சொன்னார். ஒருத்தி அழுதாள்.

“பாத்தியா? மனசைக் கணிக்க முடியும்னு ஒத்துக்கிட்டாங்க.”

“பின்பக்கத்தையும் படிங்க,” என்றாள் மனைவி.

பின்பக்கத்தில் கையெழுத்தில் நாலைந்து வரி இருந்தது.

‘நீங்கள் காருக்குப் போயிருந்தபோது இன்னொரு முறை நடத்திப் பார்த்தேன். ஐம்பதுக்கு இருபத்தாறு. நீங்கள் எதிரில் இருந்தால் நாற்பத்தெட்டு. அடுத்தவர் மனத்தைக் கணிக்கும் ஒன்று அந்த அறையில் நிச்சயமாக இருக்கிறது. அது உங்கள் கணினி அல்ல. அதை ஆராயத்தான் இந்த இரண்டு ஆண்டு. இனி பொத்தான் பக்கம் நீங்கள் உட்காருங்கள்.’

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“திரையில சிவப்பு வந்தா தாடையைத் தடவுவீங்க. நீலம்னா தடவ மாட்டீங்க,” என்றாள் அவள். “மொத மூணு தப்பானப்ப உங்க முகத்தைப் பாக்க முடியல. அதுக்கப்புறம் பாத்துப் பாத்து அழுத்தினேன்.”

பேராசிரியர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கை தாடைக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அப்ப, வீட்ல நான் சொன்னதெல்லாம்?”

“சொன்னது பலிச்சா உங்களுக்கு ஒரு சந்தோஷம்.” அவள் கடிதத்தை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தாள். “அன்னைக்கு நான் குடையைப் பத்திக் கேக்க வரலைங்க. சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்கன்னு சொல்ல வந்தேன்.”