கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஜன்னலில் மறுபடியும் அந்த முகம் தெரிந்தது. மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருக்க, உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும்போதெல்லாம் ஒரு கை வந்து துடைத்துவிட்டு மறைந்தது.

"ஜன்னல் வந்தாச்சு," என்றான் கடைசி வரிசையில் ஒருவன்.

எலக்ட்ரீஷியன் உரிமத் தேர்வுக்கான மாலை வகுப்பு அது. வகுப்பிலிருந்த ஒரே பெண்ணின் அப்பாவுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஜன்னல்.

"எங்களுக்கு ஷாக் அடிக்கறதுக்கு வயரே வேண்டாம் டீச்சர். அவர் பார்க்கிற பார்வையே போதும்."

டீச்சர் சிரிக்கவில்லை. அவள் படித்த காலத்தில் கல்லூரி வாசலில் சைக்கிளோடு காத்து நிற்பான் அவளுடைய அண்ணன். யாரோடு பேசினாய், எதற்குச் சிரித்தாய் என்று வீடு போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வருவான். இப்போதும் முதுகுக்குப் பின்னால் சைக்கிள் மணி கேட்டால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

அந்தப் பெண் எழுந்தாள். "இன்னொரு தடவை பெருசா வரைங்க டீச்சர்."

எந்தப் பாடத்திலும் இப்படித்தான். புரிந்ததையே மறுபடி கேட்பாள். பதில் சொன்னால் பக்கத்து வகுப்புக்கே கேட்கும். சொல்லி முடித்த கையோடு கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

வகுப்பிலேயே நன்றாக வரக்கூடியவள் அவள்தான். இந்த ஆள் மட்டும் விட்டால் முதல் தடவையிலேயே உரிமம் வாங்கிவிடுவாள் என்று டீச்சருக்குத் தோன்றியது.

வகுப்பு முடிந்து விளக்குகள் அணைந்ததும் அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை பிடி தளரவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற டீச்சர் தன்னை அறியாமல் தன் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவரை வாசலிலேயே மறித்தாள்.

"இது படிக்கிற இடம். இப்படிக் காவல் காக்கறதுக்கு உங்க பொண்ணு என்ன தப்பு பண்ணிட்டா?"

"அப்படியில்ல டீச்சர். நான் வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களை மாதிரி ஆளுங்களை நான் சின்ன வயசுலேயே பார்த்துட்டேன். வேணும்னா தெருவுல நில்லுங்க. இனிமே உள்ள வரக் கூடாது."

பையன்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் அடங்கிவிட்டாள்.

அந்தத் தலையசைப்புதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

அன்று ஜன்னல் காலியாக இருந்தது. கடைசி வரிசை தாராளமாகச் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் எதையும் பெரிதாக வரையச் சொல்லவில்லை. கேள்வி கேட்டபோதும் வாய்க்குள்ளேயே முனகினாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டீச்சர் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பாடத்துக்கு நடுவே டீச்சரின் பார்வை தானாக ஜன்னலுக்குப் போனது. வெளிப்பக்கத்துத் தூசியில், துடைத்துத் துடைத்து விழுந்த வட்டம் ஒன்று முகத்தளவுக்கு அப்படியே இருந்தது. கண்ணாடியைக் கழுவச் சொன்னாள். கழுவிய பிறகும் அந்த இடத்தில் யாரோ நின்று உதட்டை அசைப்பதுபோலவே இருந்தது.

கடைசியில் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனாள். முன்னால் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை, பின்னால் வீடு. இரண்டும் பெண்ணின் அப்பாவுடைய அண்ணனுக்குச் சொந்தம் என்றார்கள். அவள் போன நேரத்தில் அண்ணன் இல்லை.

பொழுது சாய்ந்திருந்தது. அவர் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். "யாரு?" என்றார், அவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு.

"நான்தான், டீச்சர்."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மெதுவாகத் தொடங்கியது.

"எனக்கு உங்க மேல இருக்கிற கோபத்துல அவ படிப்பு கெடக் கூடாது. பொண்ணை அனுப்புங்க. வேணும்னா உங்க அண்ணன்கிட்ட நான் பேசறேன்."

"ஐயோ, அவர்கிட்ட எதுவும் பேசிடாதீங்க டீச்சர்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொம்பளைப் பிள்ளைக்குப் படிச்ச வரைக்கும் போதும்னு அவர் எப்பவோ முடிவு பண்ணிட்டாரு."

"அப்புறம் எப்படி இத்தனை நாள் விட்டாரு?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "தினம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அண்ணன் பாடம் கேப்பாரு. நான் தெருவுல நின்ன அன்னிக்கும் கேட்டாரு. எனக்கு ஒரு வார்த்தை வரல. வழியெல்லாம் பிள்ளை சொல்லிக் குடுத்துட்டுத்தான் வந்தா. ஆனா போர்டுல படத்தைக் கண்ணால பார்த்தாத்தான் எனக்கு மனசுல நிக்கும். உருப்படியா ஒண்ணும் நடக்கல, இனிமே போக வேண்டாம்னுட்டாரு."

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. "உங்களை எதுக்குப் பாடம் கேக்கணும்?"

உள்ளே பாத்திரச் சத்தம் மறுபடி நின்றுபோயிருந்தது.

"வீட்டைப் பொறுத்தவரைக்கும் படிக்கப் போனது நான் டீச்சர். பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதவனுக்குத் துணையா வந்தவதான் அவ."