ஜூனிப்பரின் முகம்

"முகமே தெரியாத ஆளுகிட்ட உன் வீட்டுச் சாவியைக் கொடுப்பியா ஹாலிஸ்?"

கேட்டுக்கொண்டே காரை நெடுஞ்சாலையிலிருந்து ஓக் ஃபெர்ரி பக்கம் திருப்பினாள் ரெனாட்டா.

"அந்த முகத்தைப் பார்க்கத்தானே போறோம்? ரோட்டைப் பார்த்து ஓட்டு தாயே."

ஹாலிஸின் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை. பத்தொன்பது வருடம் விசைப்பலகையைத் தட்டியதன் பலன். இந்த மாதத்தோடு நிறுத்தாவிட்டால் விரல்கள் மரத்தே போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஹாலிஸுக்கு விரல்களைவிட 'டாமராக்' பற்றித்தான் கவலை. படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துப் பழுது நீக்கி அனுப்பலாம். ஆனால் அந்தத் திருத்தங்களைச் சேர்த்து வெளியிடும் சாவி, அதாவது ரகசியக் கடவுச்சொல், இவர்கள் இருவரிடம் மட்டும்தான். ரெனாட்டாவுக்கோ வீட்டில் மூன்று வயது இரட்டையர். ஹாலிஸ் விலகும்போது சரியான ஒருவரிடம் ஒப்படைக்காவிட்டால் டாமராக்கை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்தச் சரியான ஒருவர், பதினான்கு மாதமாக 'ஜூனிப்பர்' என்ற பெயரில் திருத்தங்களை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளைச் சரிசெய்திருந்தார்.

"சிவப்பு கலர் அச்சுல செங்கல் மாதிரி வருதுன்னு நாலு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டோமே, ஞாபகம் இருக்கா?" என்றார் ஹாலிஸ். "நிறத்தை ரெண்டு தடவை மாத்துறீங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டான். மை வாசம் தெரிஞ்சவன் ரெனாட்டா அவன்!"

"போன மாசம், எழுதினதையெல்லாம் சேர்த்து மென்பொருளாக்குற பில்ட் ஓடாம தொண்ணூத்தி நாலு சதவீதத்துல நின்னு முழிச்சுதே, அது?"

"அதையும் அவன்தானே பிடிச்சான்? ஃபோல்டர் பேருக்கு நடுவுல இடைவெளி விட்டவங்களுக்கு மட்டும்தான் நிக்குதுன்னு! நீயும் நானும் மூணு வாரம் தேடினோம்."

"அதான் கேக்குறேன். மையும் தெரியும், கம்ப்யூட்டர் குடலும் தெரியும்னா அது என்ன ஆளு?"

"மேதைன்னு சொல்லுவாங்க."

"உன் மேதை ஒரு நாள் கடிச்சுத் துப்புறான். மறுநாளே ஒரே ஜோக்கு."

"கல்யாணம் ஆனவனா இருக்கும்."

ரெனாட்டா சிரித்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை.

"நல்லவன் வேஷம் போட்டு, சாவி கைக்கு வந்ததும் உள்ளே விஷத்தை வைக்கறவனும் இப்படித்தான் உழைப்பான் ஹாலிஸ். பத்து லட்சம் பேரு கம்ப்யூட்டர் நம்மளை நம்பி இருக்கு."

அந்தப் பயத்தில்தான் டாமராக்கில் ஒரு சட்டம் இருந்தது. சாவி வாங்குபவரை இரண்டு பேர் நேரில் பார்க்க வேண்டும். அடையாள அட்டையில் இருக்கும் படமும் எதிரே இருக்கும் முகமும் ஒத்துப்போக வேண்டும். சட்டத்தை எழுதியதே ஹாலிஸ்தான்.

வீடியோவில் பேசலாமா என்று கேட்டதற்கு, 'இங்கே சத்தம் போடக்கூடாது. எந்த வேலை நாளிலும் பத்து மணிக்கு மேல் வாருங்கள்' என்று பதில் வந்தது. கீழே ஓக் ஃபெர்ரி பொது நூலகத்தின் முகவரி.

"வாரத்துல அஞ்சு நாள், பத்துலருந்து ஒரு மணி வரைக்கும். பதினாலு மாசத்துல ஒரு நாள் தவறினதில்லை" என்றார் ஹாலிஸ். "எனக்கு அந்த ஒழுக்கம் இருந்திருந்தா கை இப்படி ஆகியிருக்காது."

பூட்டிக் கிடந்த பெரிய அச்சகத்தைத் தாண்டி, நூலக வாசலில் காரை நிறுத்தினாள் ரெனாட்டா. உள்ளே முன்மேசையில் ஒரு நடுவயதுப் பெண் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். சட்டையில் 'லிண்ட்க்விஸ்ட், நூலகர்' என்று பெயர்ப்பட்டை.

"ஜூனிப்பரைப் பார்க்கணும்ங்க." என்றார் ஹாலிஸ்.

"டாமராக்லருந்தா? அடடா, வாங்க வாங்க! கை இப்ப எப்படி இருக்கு சார்?"

மூலையில் இருந்த கணினியைக் காட்டினார். அதன் முன்னால் ஒரு பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஹாலிஸுக்குக் கண் கலங்கியது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நன்றியுரை மறந்துபோனது.

"இந்த மெஷின்லயா எல்லாத்தையும் செஞ்சாரு?" என்றாள் ரெனாட்டா மெதுவாக.

"இங்க உருப்படியானது அது ஒண்ணுதான்மா. மத்ததுல பில்ட் போட்டா படுத்துடும். அதனால ஏகப்பட்ட போட்டி. ஒரு ஆளுக்கு வாரத்துல ஒரே ஒரு தடவை, மூணு மணி நேரம்னு கண்டிப்பா வச்சிருக்கேன்."

ஹாலிஸ் திகைத்துத் திரும்பினார். "வாரத்துல ஒரு தடவையா? அவர் தினமும் எழுதுறாரேம்மா!"

"இன்னைக்கு வியாழன், அதனால இவரு" என்று சிரித்தார் நூலகர். "அச்சகத்தை மூடினதும் வேலை போனவங்கள்ல அஞ்சு பேரு இங்க வந்து உக்காந்தாங்க. முதல்ல வந்தவரு வச்ச பேருலயே எல்லாரும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க. மத்த நாலு பேரும் அடையாள அட்டையோட உள் ரூம்ல காத்திருக்காங்க. அஞ்சு சாவி கொண்டு வந்திருக்கீங்கல்ல சார்?"